கேள்வி–பதில்: விமானியின் மூச்சும் ராணுவத்தின் பணமும்

வான்வெளி மருத்துவத்தைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் அனைவரும் அமெரிக்க விமானப்படையை மனத்தில் வைத்தே கேட்டிருப்பதால், பதில்களும் பெரும்பாலும் அந்நாட்டைச் சார்ந்தே அமைகின்றன.

கேள்வி: விமானம் வாங்கச் செலவிடுவது புரிகிறது. விமானியின் உடலை ஆராய ஒரு படை ஏன் தனியாக நிதி ஒதுக்க வேண்டும்? அது மருத்துவமனையின் வேலையல்லவா?

மருத்துவமனைக்கு வருவது நோயுற்ற உடல். போர் விமானத்தில் ஏறுவதோ நோயேதும் இல்லாத உடல். அங்கே கோளாறாக இருப்பது சூழல்தான். விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் எடை ஒன்பது மடங்குவரை கூடும். இதை 9 ஜி என்பார்கள். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, ஒவ்வொரு ஜி-க்கும் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. இயல்பான ரத்த அழுத்தம் 120 என்றால், ஐந்து ஜி-யை எட்டும்போது கண்ணுக்குப் போய்ச்சேர அநேகமாக எதுவுமே மிஞ்சாது. முதலில் நிறங்கள் வெளிறும். பிறகு பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல் குறுகும். பிறகு, நினைவு இருக்கும்போதே முழு இருட்டாகும். அதையும் தாண்டினால் நினைவு தப்பிவிடும். நினைவு திரும்பிய பிறகும் சில விநாடிகளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது விமானிக்கு விளங்காது. எல்லாமாகச் சேர்த்து இருபது விநாடிக்கு மேல் ஆகிவிடும். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதற்குள் ஐந்து கிலோமீட்டர் கடந்திருக்கும்.

காலையும் வயிற்றையும் காற்றழுத்தத்தால் இறுக்கும் ஜி-உடையும், தசைகளை முறுக்கி மூச்சை அடக்கி மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்றிக்கொள்ளும் பயிற்சியும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தவைதாம். அமெரிக்காவில் இதற்கான முதல் ஆய்வுக்கூடம் 1918-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் தொடங்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான வான்வெளி மருத்துவப் பள்ளி இன்று ஒகையோ மாநிலத்தின் ரைட்-பேட்டர்சன் விமானத் தளத்தில், 711-ஆவது மனிதத் திறன் பிரிவின் அங்கமாக இயங்குகிறது.

கேள்வி: இந்தப் பணம் எந்த வழியாக ஆய்வாளரிடம் போய்ச்சேருகிறது?

இரண்டு பைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்பை, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி, மேம்பாட்டு ஒதுக்கீடு. அதற்குள் அடிப்படை ஆய்வு 6.1 என்றும், பயன்முறை ஆய்வு 6.2 என்றும், உயர்நிலைத் தொழில்நுட்ப மேம்பாடு 6.3 என்றும் எண்களாலேயே குறிக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் தம் பேச்சிலும் அந்த எண்களைத்தான் சொல்வார்கள். கடும் திருப்பத்தின்போது மூளைக்குச் செல்லும் ரத்தம் எவ்வாறு மாறுகிறது என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டால் அது 6.1. அந்த மாற்றத்தை நெற்றியில் ஒட்டும் ஓர் உணரியால் அளக்க முடியுமா என்று பார்த்தால் 6.2. உணரியைத் தலைக்கவசத்துக்குள் பொருத்திச் சோதித்தால் 6.3. விமானப்படையின் அடிப்படை ஆய்வுப் பணத்தை அதன் அறிவியல் ஆய்வு அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்தளிக்கிறது. எந்தத் துறைகளில் கருத்துகள் தேவை என்று பொது அறிவிப்பு வெளிவரும். அதற்குச் சில பக்கச் சுருக்கக் குறிப்பை அனுப்ப வேண்டும். அது பிடித்திருந்தால்தான் முழு முன்மொழிவைக் கேட்பார்கள். சிறு நிறுவனங்களுக்கென்று 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தனித் திட்டம் உண்டு. அதில் முதற்கட்டத்தில் சாத்தியம் பார்க்கவும், இரண்டாம் கட்டத்தில் மாதிரி செய்யவும் பணம் தருவார்கள். மூன்றாம் கட்டத்துக்கு அத்திட்டத்தின் பணம் கிடையாது, வேறிடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும். நல்ல கருவிகள் பல, மாதிரியோடு அலமாரியில் தங்கிவிடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது பை, படையினரின் மருத்துவச் செலவுக்கான பாதுகாப்புச் சுகாதாரத் திட்டம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தானாகவே சேர்த்து ஒதுக்கும் மருத்துவ ஆய்வுப் பணமும் இதன்வழியே வருகிறது. மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்காக 1992-இல் அவ்வாறு தொடங்கியது, இன்று பல நோய்களுக்கு விரிந்திருக்கிறது. ராணுவ நிதியில் புற்றுநோய் ஆய்வா என்று வியப்பவர்களுக்கு இதுவே விளக்கம்.

நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பிறக்கிறது. அதற்குள் வரவுசெலவுச் சட்டம் நிறைவேறாவிட்டால், பழைய அளவிலேயே காலம் தள்ளும் இடைக்கால ஏற்பாடு நடைமுறைக்கு வரும். அதன்கீழ்ப் பொதுவாகப் புதிய திட்டம் எதையும் தொடங்கக் கூடாது. மனித உடலில் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கவே மாதங்கள் ஆகும் நிலையில், பணமும் பாதி ஆண்டு கழித்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொகை போதவில்லை என்பதைவிட, அது விட்டுவிட்டு வருகிறது என்பதுதான் இத்துறையின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

கேள்வி: இதனால் சாதாரண மக்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?

காரில் இருக்கைப் பட்டை அணிகிறீர்கள் அல்லவா? ஜான் பால் ஸ்டாப் என்னும் விமானப்படை மருத்துவர், 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டார். மணிக்கு 1,017 கிலோமீட்டரைத் தொட்ட அந்த வண்டி ஒன்றரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் நின்றது. அவர் உடல்மீது 46 ஜி-க்கு மேல் விசை விழுந்தது. கண்களுக்குள் ரத்தம் கசிந்து சற்று நேரம் பார்வையே இல்லாமற்போனது, பிறகு மீண்டது. சரியாகக் கட்டப்பட்ட உடல் அதுவரை நம்பியதைவிட மிகுதியான விசையைத் தாங்கும் என்று அதனால் உறுதியானது. விமானப்படையினர் சாலை விபத்துகளில் ஏராளமாக இறப்பதைக் கவனித்த அவர், அதே அறிவைக் கார்களுக்கும் கொண்டுசென்றார். மோதல் பாதுகாப்பு குறித்து 1955-இல் அவர் தொடங்கிவைத்த மாநாடு இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

கேள்வி: படைவீரர் மேலதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அவரிடம் பெறும் சம்மதம் உண்மையான சம்மதமாகுமா?

இத்துறையின் வரலாற்றிலேயே இருண்ட பக்கத்தை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். 1942-இல் நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமில், ஜெர்மானிய விமானப்படைக்குத் தேவையான தகவல் என்ற பெயரில், கைதிகளைத் தாழ்வழுத்த அறையில் அடைத்தும் பனிநீரில் அமிழ்த்தியும் கொன்றார்கள். போருக்குப் பின் நாஜி மருத்துவர்கள்மீது நடந்த வழக்கிலிருந்து 1947-இல் பிறந்த நூரம்பர்க் நெறிமுறை, ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்பச் சம்மதத்தை முதல் விதியாக்கியது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் 1953-இல் அந்நெறியை ஏற்று ஆணை பிறப்பித்தார். ஆனால் அந்த ஆணையே உச்ச ரகசியம் என்று முத்திரையிடப்பட்டு 1975 வரை பூட்டிவைக்கப்பட்டது! யாருடைய காப்புக்காக எழுதப்பட்டதோ அவர்களே படிக்க முடியாத விதியால் என்ன பயன்?

இன்றைய விதிகள் நீங்கள் கேட்ட இடத்தையே குறிவைக்கின்றன. வீரர்களை ஆய்வுக்கு அழைக்கும் கூட்டத்தில் அவர்களுடைய மேலதிகாரி இருக்கக் கூடாது. ஆபத்து சற்றுக் கூடுதலான ஆய்வென்றால், குழுவாக அழைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் உடனிருந்து, சேர்வது அவரவர் விருப்பம் என்பது தெளிவாகச் சொல்லப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். இருந்தும், கூட்டம் முடிந்து பாசறைக்குத் திரும்பிய பின் எழும் நெருக்கடியை எந்த விதியும் முழுதாகத் தடுத்துவிடாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு ஆராய்ந்தும் அமெரிக்கப் போர் விமானமான எஃப்-22-இன் விமானிகள் மூச்சுத்திணறியது ஏன்?

அந்த விமானத்தில் உருளையில் அடைத்த ஆக்ஸிஜனை நம்பியிருப்பதில்லை. எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை ஒரு சல்லடைப் பொருள் வழியே செலுத்தி நைட்ரஜனைப் பிரித்து, எஞ்சியதை விமானிக்குத் தருகிறார்கள். விமானிகள் தலைசுற்றலையும் குழப்பத்தையும் முறையிட, 2011 மே மாதம் எல்லா எஃப்-22 விமானங்களும் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் மீண்டும் பறந்தன. காற்றில் நஞ்சு கலந்திருக்குமோ என்ற ஐயத்தில் கரி வடிகட்டி பொருத்தினார்கள். அதுவே மூச்சுக்கு மேலும் தடையாக இருந்ததால் பின்னர் கழற்றினார்கள். கடைசியில், 2012-இல், ஜி-யைச் சமாளிக்க அணியும் மேலுடையின் வால்வு, தேவையில்லாத வேளையில் உடையை உப்பச்செய்து மார்பை விரியவிடாமல் தடுத்தது என்று கண்டறிந்தார்கள். ஆக்ஸிஜன் பாய்ச்சலின் அளவும் குறைவாக இருந்தது. உடையைச் செய்தவர் உடையைச் சோதித்தார், ஆக்ஸிஜன் கருவியைச் செய்தவர் கருவியைச் சோதித்தார். இரண்டுக்கும் நடுவே மூச்சுவிடுகிற மனிதரை எவரும் போதுமான அளவுக்குச் சோதிக்கவில்லை.

பறப்பு மீண்டும் தொடங்கியபோது விமானிகளின் ரத்த ஆக்ஸிஜனை அறிய அவர்களிடம் தரப்பட்டது, மருத்துவமனையில் விரல்நுனியில் மாட்டுகிறார்களே, அதே வகைக் கருவி. எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் பதியும் விமானத்தில், விமானியின் மூச்சைப் பதிய எதுவும் இல்லை. 2017-இல் கடற்படையின் டி-45 பயிற்சி விமானத்தில் இதேபோன்ற புகார்கள் பெருகி, பயிற்றுநர்கள் பலர் பறக்க மறுத்தார்கள். அதன் பிறகுதான் நாசா, விமானிகளின் மூச்சையே பறக்கும்போது நேரடியாக அளக்கும் ஆய்வொன்றை மேற்கொண்டு 2020-இல் அறிக்கை தந்தது.