தொடக்கப் பள்ளியில் நல்ல பழக்கமும் பொறுப்பும்: ஆசிரியர், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி 9 வருடம் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பொறுப்பும் நல்ல பழக்கமும் எப்படிப் பழக்குவது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்): வாரம் ஒரு பாடவேளை நீதிக்கதை சொல்கிறேன். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்டால் "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று கோரஸாகக் கத்துகிறார்கள். மணி அடித்ததும் குழாயடியில் தள்ளுமுள்ளு. கதை சொல்வதே வீணா?

பதில்: கதை வீண் இல்லை டீச்சர். அந்தக் கடைசிக் கேள்விதான் வீண். நமக்கு என்ன பதில் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள். கதையைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். ஆடு மேய்க்கிற பையன் "புலி வருது" என்று இரண்டு தடவை கத்தி ஊரை ஏமாற்றிவிட்டான். மூன்றாவது தடவையும் கத்துகிறான். ஊர்க்காரர்கள் நீங்கள்தான், போவீர்களா மாட்டீர்களா? என் வகுப்பில் பாதிப் பேர் போக மாட்டோம் என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, "அவன் பொய் சொன்னாலும் ஆடு நம்ம ஆடுதானே, போய்ப் பார்க்கணும்" என்றாள். அன்றைக்குப் பாடவேளை முடியும்வரை வாக்குவாதம்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், குழாயடிக்கு வருவோம். தள்ளுகிறவன் கெட்டவன் இல்லை. இடைவேளை 10 நிமிடம், குழாய் இரண்டு, பிள்ளைகள் 60 பேர் என்றால் பின்னால் நிற்பவனுக்குத் தண்ணீர் கிடைக்காது. அவன் போட்ட கணக்கு சரிதான். வரிசையில் நின்றாலும் நமக்குக் கிடைக்கும் என்று நாலு நாள் கண்ணால் பார்த்தால்தான் அவன் வரிசையை நம்புவான். சின்ன வகுப்புகளை 5 நிமிடம் முன்னால் விடுங்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, அதிகம் தள்ளுகிறவனிடமே ஒரு வாரம் கொடுங்கள். முக்கியமாக, நாமும் அந்த வரிசையைத் தாண்டிப் போய்த் தம்ளரை நீட்டக் கூடாது. அதைப் பிள்ளைகள் கவனிப்பது போல வேறு எதையும் கவனிப்பதில்லை.

கேள்வி (இரண்டாம் வகுப்பு ஆசிரியர்): வகுப்பில் பென்சில், ரப்பர் அடிக்கடி காணாமல் போகிறது. யார் எடுப்பது என்று ஓரளவு தெரியும். எல்லார் முன்னாலும் பையைச் சோதித்தால் பயம் வருமா?

பதில்: பயம் வரும், நேர்மை வராது. ஏழு வயதில் "திருடன்" என்று பெயர் விழுந்துவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை அது போகாது, பக்கத்தில் உட்காரக்கூட யாரும் வர மாட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பையைக் கொட்டிக் காட்டச் சொல்வது அதில்தான் சேரும் என்பேன்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன் சார். மேசையில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா வைத்தோம். கீழே கிடந்தது, "தெரியாமல் என் பையில் வந்துவிட்டது" எல்லாம் அதில் போடலாம். யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. பக்கத்தில் ஒரு தம்ளரில் 10 பொதுப் பென்சில். இல்லாதவர்கள் எடுத்துக்கொண்டு சாயந்திரம் திருப்பி வைக்க வேண்டும். முதல் வாரம் 4 பென்சில் திரும்பவில்லை. யாரையும் விசாரிக்காமல் தினமும் எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுதினோம். "இன்று 6." "இன்று 7." பிள்ளைகளே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்து ஆன நாளில் கைதட்டினார்கள். உங்களுக்குச் சந்தேகம் உள்ள பிள்ளையிடம் தனியாக "பென்சில் இல்லையென்றால் என்னிடம் கேள்" என்று மட்டும் சொல்லுங்கள். பல நேரம் வீட்டில் நிஜமாகவே பென்சில் இருக்காது.

கேள்வி: நல்ல காரியம் செய்தால் ஸ்டார் ஒட்டுகிறேன். இப்போது ஸ்டார் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் உதவுகிறார்கள்.

பதில்: 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைகிற குழந்தைகளில் சிலருக்கு மட்டும், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசுக்காக வரைந்த அந்தக் குழந்தைகள் பிறகு சும்மா இருந்த நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஸ்டாரை மெல்லக் குறையுங்கள். அதற்குப் பதில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: "நீ குடையைப் பகிர்ந்துகொண்டதால் அவன் புத்தகம் நனையவில்லை." அது போதும்.

கேள்வி (பெற்றோர், திருச்சி): என் மகளை வகுப்பைப் பெருக்கச் சொல்கிறார்கள். படிக்க அனுப்பினோமா, பெருக்க அனுப்பினோமா?

பதில்: இந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் அம்மா.

தான் உட்காரும் இடத்தைத் தானே சுத்தம் செய்வது நல்ல பழக்கம். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையையும் நடையையும் தாங்களே துடைக்கிறார்கள், மதிய உணவையும் முறை வைத்துத் தாங்களே பரிமாறுகிறார்கள். அதை அங்கே பள்ளி வாழ்க்கையின் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் செய்தால்தான் அது பயிற்சி. நம் பள்ளிகளில் நான் பார்த்தது என்ன? பெண் பிள்ளைகள் பெருக்குவார்கள், கோலம் போடுவார்கள். பையன்கள் மணி அடிப்பார்கள், மேசை தூக்குவார்கள். சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு பாடம் நடந்துவிடுகிறது. ஆகவே பள்ளியில் சண்டை போட வேண்டாம், முறைப் பட்டியலைக் கேளுங்கள். பையன்கள் பெயரும் வரிசைப்படி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கழிவறை விஷயம் வேறு. பிள்ளைகளை வைத்துக் கழிவறை கழுவுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அந்த வேலைக்கு எந்தப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று நம் மாநிலத்தில் திரும்பத் திரும்பச் செய்தி வந்திருக்கிறது. பட்டியலினப் பிள்ளைகளை. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு ஒழித்துவிட்டது என்று சமூக அறிவியல் பாடத்தில் நடத்திவிட்டு, இடைவேளையில் ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் வாளியோடு அனுப்பினால் அந்த வகுப்பில் 30 பேரும் எதைக் கற்றுக்கொள்வார்கள்? உங்கள் பள்ளியில் இப்படி நடந்தால் சும்மா இருக்காதீர்கள். அது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் பேசுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க "டீச்சர், இவன் கிள்ளிட்டான்", "டீச்சர், அவ மை கொட்டிட்டா". எப்படிச் சமாளிப்பது?

பதில்: சின்னப் பிள்ளைகள் நியாயத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே ஆராய்ந்தார். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் தப்பு பெரிது என்றால், வயது குறைந்த குழந்தைகள் பலர் 15 உடைத்தவனையே சொன்னார்கள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று பார்க்க வயது ஏற ஏறத்தான் வருகிறது. ஆகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மை கொட்டியதைப் பெரிய குற்றமாகச் சொல்வது கோள்மூட்டும் குணம் இல்லை. நான் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்து, ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லச் சொல்வேன். "நீ அவள் மேல் ஏன் கோபப்படுகிறாய் என்று அவள் சொல்லட்டும்." தீர்ப்பு சொல்வதில்லை. பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பில் முடியும். ரத்தம், அழுகை, திரும்பத் திரும்ப ஒரே பிள்ளை அடிபடுவது, இவற்றை மட்டும் உடனே கையில் எடுக்க வேண்டும்.

கேள்வி: பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்றுதானே சொல்லித் தர வேண்டும்?

பதில்: அதை மட்டும் தனியாகச் சொல்லித் தராதீர்கள். "தொடாதே" என்று சொல்லவும், "இதை யாரிடமும் சொல்லாதே" என்கிற பெரியவரைப் பற்றி நம்பிக்கையான இன்னொரு பெரியவரிடம் சொல்லவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில், பிள்ளை கண்ணுக்கு நேராக, பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி (தலைமை ஆசிரியர்): ஒழுக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் சார். ஒரு நோட்டில் மாதம் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள், போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்தான் என்று.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): உள்ளாட்சி பாடம் நடத்தினேன். மனப்பாடம் செய்கிறார்கள், மனதில் நிற்கவில்லை.

பதில்: பாடத்தைத் தெருவுக்குக் கொண்டு போங்கள் டீச்சர். எங்கள் ஐந்தாம் வகுப்பு ஒரு வருடம் பள்ளி வாசலில் மூடி இல்லாத சாக்கடையைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதியது. முதலில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். "ஐயா நீங்கள் ஏன் செய்யவில்லை" என்று ஒருவன், "காலில் விழுந்து கேட்கிறோம்" என்று ஒருத்தி. இரண்டும் வேண்டாம் என்று பேசினோம். எத்தனை அடி நீளம், எத்தனை பிள்ளைகள் அந்த வழியாக வருகிறார்கள், யாராவது விழுந்தார்களா என்று அளந்து, எண்ணி, விசாரித்து எழுதச் சொன்னேன். அதில் கணக்கும் வந்தது, தமிழும் வந்தது. ஆறு வாரம் பதில் இல்லை. பிள்ளைகள் சோர்ந்தார்கள். நகலோடு மறுபடி எழுதினோம். மூன்றாம் மாதம் கல் பலகை போட்டார்கள். முழு நீளத்துக்கும் இல்லை, வாசலுக்கு நேரே மட்டும். மீதிக்கு அடுத்த வருட ஐந்தாம் வகுப்பு எழுதியது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். உங்களுக்கு வசதி ஆகஸ்ட் 15. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், பெற்றோரிடம் முன்பே சொல்லி வைத்து, நாலு பிள்ளைகளைக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். மனுவை நீங்கள் படிக்காதீர்கள், அவர்களே படிக்கட்டும்.