வெள்ள முன்னெச்சரிக்கைத் துறைக்கு மென்பொருள் பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி: நான் பொறியியல் பட்டதாரி. திருகோணமலையில் வெள்ள முன்னெச்சரிக்கைத் துறையில் பணியாற்ற விரும்புகிறேன். ஆற்றுவெள்ளம் எங்கே, எவ்வளவு பரவும் என்று கணிக்கும் ஹெக்-ராஸ் மென்பொருளைக் கற்றால் போதுமா? பிற துறையினரோடு சேர்ந்து பயிற்சி பெற எங்கே தொடங்குவது?

போதாது.

தம்பியோ தங்கையோ தெரியவில்லை. பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் 22 ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளனாக ஆற்றோரம் அலைந்தவன் நான். மென்பொருளை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஹெக்-ராஸ் அமெரிக்க இராணுவப் பொறியியல் படைப்பிரிவு இலவசமாகத் தருவது, நல்ல கருவி. நானும் அதில்தான் பயின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஐந்து நாள் செயலமர்வு நடந்தது. நீர்ப்பாசனம், வளிமண்டலவியல், அனர்த்த முகாமைத்துவம், பிரதேச சபை என எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மகாவலியின் கடைப்பகுதியை வைத்து ஒரு பயிற்சி. 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. மலைநாட்டு மழை இங்கே வந்து சேர எடுக்கும் நேரம்தான் நம் கையிலுள்ள மூலதனம். ஆற்றின் மேற்பக்கம், பொலன்னறுவையிலுள்ள மன்னம்பிட்டியில் நீர்மட்டம் ஏறினால் எந்த ஊரில், எப்போது, எத்தனை அடி என்று அந்த நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

திரையில் வெள்ளத்தைக் காட்டும் நீலம் பரவியது. ஒரு கிராமத்தின் மேற்குப் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. மக்களை அங்குள்ள பாடசாலைக்கு அனுப்பலாம் என்று எங்கள் குழு எழுதியது. நீர்மட்டக் கோல் வாசிக்கும் மூதூர்ப் பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. பதிவுப் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போக வந்தவரை நான்தான் இருத்தி வைத்தேன். அண்ணன் என்ற பொருளில் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். அவர் என் காதருகே குனிந்து, "தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் சனம் செத்துப்போகும்" என்றார்.

புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அது வீதி. அண்மையில் கிரவல் கொட்டி ஒரு மீற்றருக்கு மேல் உயர்த்தியிருந்தார்கள். கோட்டின்மேல் இரண்டு புள்ளி வைத்தார். அவை வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் மதகுகள். ஒரு புள்ளியைக் குறுக்காகக் கீறி, "இதற்குள் ஆற்றுவாழை அடைத்துக் கிடக்கிறது" என்றார். வீதி அணைக்கட்டாகிவிட்டது, தண்ணீர் மேற்கே தேங்கும். எங்கள் நில உயரத் தரவோ 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்தது. ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீற்றர். அதற்குப் பிறகு உயர்த்திய ஒடுங்கிய வீதி அதில் எப்படித் தெரியும்?

பயிற்றுநர் வெளிநாட்டவர், நல்ல மனிதர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வீதியைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டார். பாடசாலை நீலத்துக்குள் போய்விட்டது. கடைசி நாளில் காக்காவுக்கும் சான்றிதழ் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அழைப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். அது இன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இதை எழுதும்போது இன்னொன்றும் கிளம்புகிறது. கேள்விக்குத் தொடர்பில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வுக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, என்னிடம் வேலை பழகிய பட்டதாரி ஒருவர் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோப்பில் உள்ள கடதாசியை மட்டும் எண்ணும் முறைமேல் உள்ள கோபம் ஓய்வூதியம் எடுக்கும் இந்த வயதிலும் தணியவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் சிங்களம் பேசப் பழகுங்கள். இதில் அரசியல் தேட வேண்டாம். நமக்கு வரும் மகாவலி வெள்ளம் பொலன்னறுவையைக் கடந்துதான் வருகிறது. அந்த ஐந்து நாளில் நான் பெற்ற பெரிய சொத்து, பக்கத்துக் கதிரையில் இருந்த பொலன்னறுவை நண்பரின் தொலைபேசி இலக்கம். எத்தனையோ இரவுகளில் அறிவித்தலுக்கு முன்பே அவருடைய குரல் வந்திருக்கிறது. அதை நம்பி நான் ஊரை எழுப்பியதில்லை. அதற்கு உரிய அறிவித்தல் வர வேண்டும். ஆனால் அது வரும்போது எங்கள் படகும் கயிறும் ஆயத்தமாக இருந்தன.

அடுத்து, நீர்ப்பாசனத் திணைக்களம் அளவு நிலையங்களுக்கு வகுத்துள்ள எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம் ஆகியவற்றை ஊர்ப்பேச்சாக மாற்றப் பழகுங்கள். 'நான்கு மீற்றர்' என்பது வெருகல் விவசாயிக்கு வெறும் எண். 'கோயிலின் மூன்றாம் படி' என்றால் உடனே எழுந்து மாட்டை அவிழ்த்துவிடுவார். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மூதூர், வெருகல் பக்கம் ஏறிய தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூதூர்ப் பக்கம் வருவதானால் செப்டெம்பரில் வாருங்கள். வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் மதகுக்குள் இறங்க முடியாது. அளவு நாடாவும் டோர்ச் லைட்டும் கொண்டுவாருங்கள். மதகு மதகாக நான் கூட்டிப்போகிறேன்.