மொட்டைமாடியில் வெந்நீர்த் தொட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுடையது பதினொரு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். குளிர்நாடுகளில் ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதில் வெந்நீரைச் சேமித்து வீட்டையே சூடாக்குகிறார்கள் என்று படித்தேன். அதேபோல் 1,000 லிட்டர் தொட்டியை மொட்டைமாடியில் அமைத்து, சோலார் ஹீட்டர் தகடுகளுடன் இணைத்துக் குளியலுக்குப் பயன்படுத்தலாமா? பண்ணைக்குட்டைக்கு வாங்கிய பிளாஸ்டிக் விரிப்பு மீதம் இருக்கிறது, அது போதுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாக அமைக்கலாம்; ஆனால் 1,000 லிட்டர் தேவையில்லை, 500 லிட்டரே போதும்; அந்த விரிப்பும் உதவாது.

மார்கழிக் காலையில் 25 டிகிரியில் இருக்கும் ஒரு வாளித் தண்ணீரை, அதாவது 20 லிட்டரை, 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.35 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் போதும்; பதினொரு பேருக்கும் சேர்த்து 4 யூனிட்டைத் தாண்டாது. 500 லிட்டர் நீர் 65 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு இறங்கும்போது 11 யூனிட்டுக்குச் சற்று மேல் தருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் வெயில் தலைகாட்டாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

பண்ணைக்குட்டை விரிப்பு சாதாரண நீருக்கானது. 65 டிகிரி வெந்நீர் நாள்தோறும் நின்றால் அது இளகித் தளர்ந்துவிடும். இ.பி.டி.எம். ரப்பர் விரிப்பையே வாங்குங்கள், அதிலும் 70 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். மூலைகளில் வெட்டி ஒட்டாமல், மளிகைக் கடைப் பொட்டலத்தைப் போல மடித்து மேல் விளிம்புவரை ஏற்றிவிட வேண்டும். எண்ணெயும் டீசலும் பட்டால் இந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும் என்பதை வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுப்பலகை நம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்புச் சட்டம் செய்து, சிமெண்ட் போர்டு பொருத்துங்கள். 80 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள நீர் ஒவ்வொரு பக்கத்தையும் சுமார் 250 கிலோ விசையுடன் வெளியே தள்ளும் என்பதால், நடுவிலும் ஒரு சுற்றுச் சட்டம் கட்டாயம் வேண்டும். மொத்த எடை அரை டன்னுக்கு மேல் போகும். உத்திரங்கள் சந்திக்கும் இடத்தின் மேல் வைத்து, பொறியாளரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். போர்டுக்கும் ரப்பருக்கும் இடையில் 10 சென்டிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை) பலகை வையுங்கள். தெர்மாகோல் இந்தச் சூட்டுக்கு நெருங்கிய எல்லையிலேயே இளகத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது இதைத்தான்: விரிப்பில் எங்கும் துளை போடாதீர்கள். எல்லாக் குழாய்களும் நீர்மட்டத்துக்கு மேலே, விளிம்பு வழியாகவே உள்ளே இறங்கட்டும். இதனால் தண்ணீர் தானாகச் சுற்றிவராது, சிறு பம்ப் ஒன்று தேவைப்படும். ஆனால் பல ஆண்டுகள் ஒழுகாத தொட்டிக்கு அது பெரிய விலையல்ல. வெளியே குழாய் உடைந்தால் தொட்டி முழுவதும் வடிந்துவிடாமலிருக்க, உறிஞ்சு குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுங்கள்.

இத்தொட்டியின் நீரில் குளிப்பதில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீர், தொட்டியின் மேற்பாதியில் தொங்கும் முக்கால் அங்குலச் செம்புச் சுருளுக்குள் ஓடிச் சூடாகிக் குளியலறைக்குப் போகிறது. 20 மீட்டருக்குக் குறையாத சுருள் நல்லது. அதன் முனைகள் ரப்பரைக் கீறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஒரே நீர் நிற்பதால் அதை மழைநீரால் நிரப்பினால் உப்புப் படிவுத் தொல்லை இராது. ஆனால் சுருளுக்குள் போவது போர்வெல் தண்ணீர் என்றால் உட்புறம் சுண்ணாம்பு படியும்; இரு முனைகளிலும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு) வைத்தால், ஆண்டுக்கொரு முறை எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவலாம்.

மூடி சரியில்லாவிட்டால் இத்தனை பாடும் வீண், ஏனெனில் ஆவியாகிப் போகும் நீர்தான் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. ரப்பர் பட்டை வைத்து இறுக மூடி, அழுத்தம் சேராதபடி சிறு காற்றுக்குழாய் ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள். சூடேறும்போது நீர் எட்டு லிட்டருக்கு மேல் பெருகும், அதற்காக மேலே 10 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

கேள்வி: கொடைக்கானலில் உள்ள எங்கள் வீட்டை இரவில் சூடாக்க இந்த 500 லிட்டர் தொட்டி போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. தரைக்குள் பதித்த குழாய்களில் நீர் 35 டிகிரிக்கு இறங்கும்வரை பயன்படும் என்றாலும், 65 டிகிரியில் உள்ள 500 லிட்டர் நீர் 17 யூனிட்தான் தரும். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று ஒன்பது மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவு அது. 2,000 லிட்டர் என்றால் 70 யூனிட் கிடைக்கும். அந்த எடைக்கு மாடி ஆகாது. தரையில், வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள்.