வீட்டுக் கூடத்தையும் காபிக் களத்தையும் அசுத்தம் செய்யும் தத்து நாயைப் பழக்குவது எப்படி?

கேள்வி: ஏற்காடு, நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். இரண்டு கறவை மாடும் உண்டு. சேலத்தில் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து சின்ன நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டை, இரண்டு வயது இருக்கும் என்றார்கள். எடை ஆறு கிலோ, கருத்தடை ஆனது. தோட்டத்தில் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு சுற்றினாலும் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் நடுக்கூடத்தில் அசுத்தம் செய்துவிடுகிறது. இல்லையென்றால் காபி காயவைக்கும் களத்தில் போகிறது. அதட்டினோம், இரண்டு தடவை அடித்தும் பார்த்தோம். இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்து செய்கிறது. ராத்திரி பால்சோறு வைக்கிறோம். பழம் பறிக்கத் தொடங்கப் போகிறோம். இதைத் திருத்த முடியுமா?

பதில்: திருத்தலாம். இரண்டு வயது என்பது உங்களுக்கு அனுகூலமே. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரம்கூட அடக்க முடியாது. வளர்ந்த நாய் உடம்பில் கோளாறு இல்லாவிட்டால் இரவில் ஆறேழு மணி நேரம் தாங்கும். எனவே அடக்கும் திறன் அதற்கு இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அது போகும் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கூடம், களம். இரண்டும் சிமென்ட் தரை. காப்பகக் கூண்டுகளில் பெரும்பாலும் கழுவிவிடும் சிமென்ட் தரைதான் இருக்கும். நாய் எந்தத் தரையில் ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போய்ப் பழகியதோ அதே தரையைத்தான் கால் தேடும். புல்லும், சில்வர் ஓக் சருகும், ஈர மண்ணும் அதற்குக் கழிவிடமாகவே தெரியாது. அதனால்தான் தோட்டம் முழுக்க அடக்கிக்கொண்டு நடந்து, பழகிய தரை காலில் பட்டதும் விட்டுவிடுகிறது. இதில் பிடிவாதமும் இல்லை, வஞ்சமும் இல்லை.

இதோடு அடியும் சேர்ந்துவிட்டது. அடி வாங்கிய நாய் 'வீட்டுக்குள் போனது தப்பு' என்று புரிந்துகொள்ளாது, 'ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும்' என்றுதான் புரிந்துகொள்ளும். அதனால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது. வெளியே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போதும் அதே பயத்தில்தான் அடக்குகிறது. முகத்தை அதில் கொண்டுபோய்த் தேய்ப்பது, மணி நேரம் கழித்துப் பார்த்துத் திட்டுவது எல்லாம் இதை இன்னும் மோசமாக்கும். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் வேலை, அதற்கென்று ஓர் இடம் அமைப்பது. வாசலிலிருந்து பத்துப் பதினைந்தடி தூரத்தில், களத்துக்கு எதிர்ப்பக்கமாக, கிணறு, மாட்டுத் தொட்டி, தீவனம் வைக்கும் இடம், கீரைப் பாத்தி இவற்றை விட்டுத் தள்ளி, நாலுக்கு நாலு அடி இடம் போதும். மேலே இரண்டு தகர ஷீட் போட்டு மறைத்துவிடுங்கள். இது முக்கியம். ஆறு கிலோ நாய்க்கு ஈரப் புல் வயிற்றில் உரசும். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனிமூட்டத்திலும் அது வாசல்படியைத் தாண்டவே மறுக்கும். மழை நாளில் ஒருமுறை உள்ளே போனால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும்.

அந்த இடத்தின் நடுவில் பழைய சிமென்ட் பலகை ஒன்றை, இரண்டுக்கு இரண்டு அடி அளவில், பதித்துவிடுங்கள். நாயின் சிறுநீரைத் துடைத்த துணி ஒன்றை அதன் ஓரத்தில் கல்லுக்கு அடியில் வையுங்கள். கால் தேடுகிற தரையும் இருக்கிறது, தன் வாடையும் இருக்கிறது என்றால் அங்கே போகும். நாலைந்து நாள் தவறாமல் போன பிறகு பலகைமேல் ஒரு கைப்பிடி மண் தூவுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு வாரத்தில் பலகை இரண்டு விரற்கடை மண்ணுக்கு அடியில் போயிருக்கும், நாயும் மண்ணுக்குப் பழகியிருக்கும். மண்ணைக் கூட்டியதும் போகாமல் நின்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பாதி மண்ணை வழித்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். மண்ணுக்குப் பதிலாக நன்றாகக் காய்ந்த தென்னைநார்க் கழிவும் போடலாம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காபிப் பழத்தோலை மட்டும் போடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் தின்னும். பழத்தோல், கொட்டை இரண்டிலும் காஃபீன் உண்டு. அது நாய்க்கு நஞ்சு: படபடப்பு, நடுக்கம், வாந்தி வரும், சிறுநீரும் அதிகமாகும். பல்பர் (பழத்தோல் நீக்கும் இயந்திரம்) ஓடும் இடத்தில் நாயை அவிழ்த்து விடக் கூடாது.

அடுத்து, கூட்டிப் போகும் முறை. உலாத்தக் கூட்டிப் போவது வேறு, இதற்குக் கூட்டிப் போவது வேறு. கயிற்றைக் கட்டி நேராக அந்த இடத்துக்குப் போய் அசையாமல் நில்லுங்கள். நாய் மோந்து பார்க்கும், வட்டமிடும். அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள், ஓரமாகத் திரும்பி நில்லுங்கள். அடி வாங்கிய நாய்க்கு இந்த விலகல் தேவை. கயிறு ஐந்தாறு அடி நீளம் இருந்தால் அதற்கும் கொஞ்சம் தைரியம் வரும். ஐந்து முதல் ஏழு நிமிடம் பாருங்கள். குந்தி உட்காரும்போது மெதுவாக ஒரே சொல்லை, 'ஒண்ணுக்குப் போ' என்றோ வேறெதுவோ, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். முடித்து எழுந்ததும் இரண்டு மூன்று நொடிக்குள் வேகவைத்த ஈரலோ முட்டையோ பட்டாணி அளவு வாயில் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். தீனி உங்கள் மடியிலோ சட்டைப் பையிலோ இருக்க வேண்டும்.

போய் முடித்த பிறகுதான் தோட்டத்துக்குள் உலா. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நாய் போனதும் உடனே வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவார்கள். போனால் ஊர் சுற்றல் முடிந்துவிடும் என்று நாய் தெரிந்துகொண்டு அடக்கத் தொடங்கும்.

ஏழு நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே அழைத்து வாருங்கள், ஆனால் அவிழ்த்து விடாதீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வெளியே அடக்கிய நாய் உள்ளே வந்த முதல் பத்து நிமிடத்தில்தான் கூடத்தை நனைக்கும். நாலடிக் கயிற்றில் உங்கள் இடுப்போடு அல்லது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியோடு கட்டிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போகும்வரை இதுவேதான். போய்விட்டால் முக்கால் மணி நேரம் கூடத்தில் சுதந்திரமாக விடலாம், அதுவும் கண்ணெதிரில். கட்டில் இருக்கும் அறைக் கதவை ஒரு மாதம் சாத்தியே வையுங்கள்.

ஆள் கவனிக்க முடியாத நேரத்தில் அது படுக்கும் இடம் சின்னதாக இருக்க வேண்டும்: எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் போதும். மடித்த பழைய பருத்திச் சேலையை விரியுங்கள். சாக்கு வேண்டாம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு வாடை தங்கும். கட்டி வைத்தால் கழுத்துப் பட்டையில் அல்லாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். சிக்கிக்கொள்ளாத இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: விடிந்ததும், காலைத் தீனிக்குப் பிறகு பதினைந்து இருபது நிமிடத்தில், வேலையாட்கள் வருமுன், மதியம், நாலு மணி, இரவுத் தீனிக்குப் பிறகு, படுக்கப் போகுமுன். ஏழு முறை. தூங்கி எழுந்தாலும், விளையாடி முடித்தாலும் கூடுதலாக ஒருமுறை. முதல் வாரம் மட்டும் நள்ளிரவு தாண்டி ஒருமுறை எழுந்தால் நல்லது. ராத்திரியில் டார்ச்சும் கயிறும் இல்லாமல் விடாதீர்கள். உங்கள் பக்கம் காட்டெருமை இறங்கும், சின்ன நாய் குரைத்துக்கொண்டு ஓடிப்போய் மாட்டிக்கொள்ளும்.

பால்சோற்றை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, மலம் இளகும், இரவில் அடக்க முடியாமல் போகும். காலை ஏழு, மாலை ஆறரை என்று இரண்டு வேளை. கிண்ணத்தை இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். உள்ளே போவது நேரப்படி இருந்தால்தான் வெளியே வருவதும் நேரப்படி இருக்கும். சாம்பார்ச் சோறும் வேண்டாம். வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது, உப்பு தாகத்தைக் கூட்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஆறு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 300 முதல் 360 மில்லி தேவைப்படும். இரவு எட்டரைக்கு மேல் மட்டும் கிண்ணத்தை எடுத்து வைக்கலாம்.

உள்ளே போய்க்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால் கையை ஒருமுறை தட்டி, தூக்கிக்கொண்டு வெளியே போய் அங்கே முடிக்க விடுங்கள். பிறகு பார்த்தால் பேசாமல் துடைத்துவிடுங்கள். துடைப்பதிலும் முறை உண்டு. பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு, என்சைம் கலந்த சலவைத்தூள் ஒரு ஸ்பூனை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். தரை வெடிப்பு இருந்தால் சிமென்ட் பாலால் அடைத்துவிடுங்கள், வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். பினாயில் நமக்குத்தான் வாடையை மறைக்கும், நாய்க்கு மறைக்காது. பாதத்தில் ஒட்டி நக்கினால் கெடுதலும் செய்யும். சிறுநீர் ஈரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகை கிளம்பும்.

களத்தைப் பொறுத்தவரை, நாய் பழகும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. பச்சை நிழல்வலையை மூன்றடி உயரத்துக்குச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கட்டுமுன் களம் முழுவதையும் மேலே சொன்னபடி கழுவி இரண்டு வெயில் காட்டுங்கள். மேடை போட்டு உலர்த்த வசதி இருந்தால் பார்ச்மென்டை (பழத்தோல் நீக்கிய, உள்தோலோடு இருக்கும் கொட்டையை) தரையில் கொட்டாதீர்கள். ஒருவேளை காயும் காபியில் நாய் போய்விட்டால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு முழம் காபியை அள்ளி அப்புறப்படுத்துங்கள். கழுவி மறுபடி சேர்க்க வேண்டாம்.

மாடு இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். நாய் மலம் தீவனத்தில் கலந்தால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் மாட்டுக்குக் கரு கலைந்து கன்று வீசலாம். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, ஆண்டுக்கொருமுறை வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சலும் அடங்கிய கூட்டுத் தடுப்பூசி போடுங்கள். அந்த இடத்து மலத்தைத் தினமும் அள்ளி ஒன்றரை அடிக் குழியில் புதையுங்கள். காய்கறிக்குப் போகும் எருக்குழியில் போடாதீர்கள்.

ஒரு நோட்டில் நேரம் குறித்து வாருங்கள். பத்து நாள் தொடர்ந்து உள்ளே தவறு நடக்கவில்லை என்றால் ஓர் அறையைக் கூடுதலாகத் திறந்துவிடலாம். இப்படிப்பட்ட நாய்க்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். ஆள் குனிந்து தொட வரும்போது உடம்பைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சமாக விட்டால் அது பயம், பழக்கக் குறை அல்ல. பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று விட்டால் தானாகக் குறையும். தூங்கும்போது படுக்கை நனைந்தால், கருத்தடை ஆன பெட்டைகளுக்கு வரும் சிறுநீர்ப்பைத் தளர்ச்சியாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, சிவந்து போவது, முக்குவது, நாளொன்றுக்கு 600 மில்லிக்கு மேல் தண்ணீர் குடிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்து, காலைச் சிறுநீரைக் கழுவிக் காயவைத்த தட்டையான கிண்ணத்தில் பிடித்து, சில மணி நேரத்துக்குள் அரசு கால்நடை மருத்துவரிடம் நாயோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.