மகள் மூணு சொல்றா, சார்

அம்மா,

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில், மகளின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் சொன்னது இதுதான்: "மகள் மூணு சொல்றா, சார். ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க." உங்களுக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தில் நான் சொன்னது பாதி உங்களுக்குக் கேட்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். நம்ம பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. உங்கள் பேரை விட்டுவிட்டு அவர்களுக்கும் சேர்த்தே போடுகிறேன்.

பிள்ளை ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஏழு ஏ. உயிரியல், வேதியியல், தமிழ் மூன்றிலும் ஏ. ஒரு நாள் தைராய்டு ஆராய்ச்சி என்கிறாள், மறுநாள் தொற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள், சித்தி வந்து போனால் தமிழ் டீச்சர் ஆகிறேன் என்கிறாள். நிலையில்லாத பிள்ளை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவள் பையிலிருந்து அந்த நோட்டை எடுக்கும் வரை.

பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. நீங்கள் தைராய்டு மாத்திரை போட்ட நேரம், பசியாறிய நேரம், கிளினிக்கில் எடுத்த டி.எஸ்.எச். அளவு (தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் ஏறுகிற அளவு) என்று மூன்று கோடு போட்டு எழுதியிருக்கிறாள். காலையில் பால் கோப்பியோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தீர்களாம். டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்து, எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பி என்று மாற்றியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு இறங்கியிருக்கிறது. அதில் அதிசயம் இல்லை: நீங்கள் போடுகிற லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையைக் கோப்பியும் கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஆனால் அந்தப் பக்கத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது. "அம்மா இந்த ரெண்டு மாசம் மாத்திரையை மறக்கவே இல்லை. அதனாலயும் இருக்கலாம்."

அந்தப் பென்சில் வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் பள்ளியில் ஆலோசகராக இருந்திருக்கிறேன். தனக்குப் பிடித்த பதிலையே சந்தேகப்படுகிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்டீர்களே, நம்ம பக்கத்துக் கதையையே சொல்கிறேன். 1998 கடைசியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நின்றபாடில்லை, நெகிரி செம்பிலான் வரை போனது. அந்த நோய் என்றால் அதிகம் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு வேலை பார்த்த வயது வந்த ஆண்கள். கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று விடாமல் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் என்ற வைரஸ் ஆய்வாளர் இதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. அடங்குவதற்குள் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் போய்விட்டார்கள்.

மருந்து விஷயம் இன்னும் சிக்கல். கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் ரிபாவிரின் என்ற பழைய மருந்தை 140 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் 45 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு 32. மருந்து கிடைப்பதற்கு முன் வந்தவர்கள், வேண்டாம் என்றவர்கள் என்று 54 பேர். அவர்களில் 29 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு 54. மருந்து வேலை செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் முதலில் வந்தவர்களுக்கு மருத்துவமனையே தடுமாறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்களைக் கவனிக்கும் விதம் எல்லாருக்கும் பழகிவிட்டது. பிழைக்க வைத்தது மருந்தா, கவனிப்பா? பிறகு விலங்குகளில் சோதித்தபோது அந்த மருந்து காப்பாற்றவில்லை. உங்கள் மகள் பென்சிலில் எழுதியதும் இதே கேள்விதான். கோப்பியை மாற்றியதா, மறக்காமல் போட்டதா?

இனிப் படிப்புக்கு வருவோம்.

தைராய்டு ஆராய்ச்சி என்று ஒரு படிப்பு எங்கும் கிடையாது. உயிர்வேதியியல், உயிர்மருத்துவ அறிவியல், சத்துணவியல், மருத்துவம் என்று எந்த வழியிலும் அங்கே போய்ச் சேரலாம். சபா உட்பகுதிகளில் அயோடின் குறைவால் வந்த கழுத்துக் கழலையைச் சமாளிக்க உப்பில் அயோடின் கலந்தார்களே, அந்த வேலைக்குக் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதிக்கிற ஆளும் வேண்டும், ஆய்வுக்கூடத்தில் அளக்கிற ஆளும் வேண்டும். உங்கள் மகள் பிறந்த அன்றைக்கே தொப்புள்கொடி இரத்தத்தில் அவளுக்குத் தைராய்டு பார்த்திருப்பார்கள். பிறவியிலேயே அந்தச் சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். அந்த ஒரு சொட்டு இரத்தத்தை அளப்பவர் யாரோ ஓர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்தான், டாக்டர் இல்லை.

வழி நீளம் என்பதை மறைக்க மாட்டேன். ஆறாம் படிவம் ஒன்றரை வருஷம், பட்டம் மூன்று அல்லது நான்கு, முதுகலை இரண்டு, முனைவர் மூன்று அல்லது அதற்கு மேல். இருபத்தெட்டு, முப்பது வயதுவரை போகும். நடுவில் ஆராய்ச்சி உதவியாளராகக் கொஞ்சம் சம்பளம் வரும். அதை நம்பி வீடு கட்ட முடியாது. சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப டிப்ளோமா மூன்று வருஷம். தனியார் கல்லூரி ஏதாவது வீட்டு வாசலுக்கு வந்து லாப்டோப் தருகிறேன் என்றால், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரி பெயரைப் பார்த்தால் போதாது, படிப்பின் பெயரைப் பார்க்க வேண்டும்.

டாக்டருக்கே படிக்க வைக்கலாமே என்று உங்கள் கொழுந்தன் கேட்டாராம். 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் வேலைக்குச் சேர்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பிள்ளை கேட்காத ஒன்றை நாமாக நான்காவதாகச் சேர்க்க வேண்டாம்.

தமிழ் டீச்சர் விஷயம்தான் உங்கள் மனசில் இருப்பது, எனக்குத் தெரியும். உலு கிந்தாவில் ஆசிரியர் கல்விக் கழகம், நம் வாயில் இன்னும் மக்தாப். மோட்டாரில் போய் வரும் தூரம், படிக்கும்போதே மாதப் படி, முடித்தால் அரசு வேலை. தப்பே இல்லை. ஆனால் ஒரு தப்பு நான் செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு பையனிடம் இதே மூன்று காரணத்தைச் சொல்லி அனுப்பினேன். ஆறு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டான். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், நீங்க சொன்னதுல பிள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றான். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை இன்று சுலபமும் இல்லை. தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் 150 மாணவர்கூட இல்லை; முப்பதுக்குக் கீழே போனால் இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் நடத்த வேண்டும். முதலாம் ஆண்டுக்கு எழுத்து, இரண்டாம் ஆண்டுக்கு வாசிப்பு, ஒரே கரும்பலகை. பயிற்சியின் கடைசியில் கட்டாயம் ஒரு செயலாய்வு, அதாவது வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துப் பார்க்கும் ஆய்வு, செய்யச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, இரண்டாம் ஆண்டுப் பையன் பள்ளியைப் பல்லி என்று வாசிக்கிறான். கண்ணில் எழுத்துக் குழப்பமா, காதில் ஒலிக் குழப்பமா, வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்களா? எழுத்தட்டை வைத்து நான்கு வாரம் பழக்கி, முன்னும் பின்னும் சோதித்து, எழுத வேண்டும். அந்த நோட்டில் கோடு போட்ட பிள்ளைக்கு இதுவும் பிடிக்கும். மூன்று சொல்கிறாள் என்றீர்களே, அவள் மூன்று இடத்திலும் ஒரே வேலையைத்தான் பார்க்கிறாள் என்பது என் கணிப்பு.

அப்படியானால் எதை முதலில்? கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பாருங்கள். அறிவியல் பட்டம் எடுத்தவள் பிறகு கல்வியியல் டிப்ளோமா செய்து இடைநிலைப் பள்ளி ஆசிரியராகலாம். மக்தாப்பில் தமிழ் எடுத்து ஐந்து வருஷம் முடித்தவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப வழி அநேகமாக இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருப்பாள், பாதியில் விட்டால் பணம் கட்டச் சொல்வார்கள். அதனால் என் சாய்வு ஆறாம் படிவ அறிவியல் பக்கம். அரசின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனுக்கும் மனுப் போடட்டும். அது வரும் வரும் என்று காத்திருந்து ஆறாம் படிவத்தில் சேர வேண்டிய நாளை மட்டும் கோட்டைவிட வேண்டாம். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம்தான். ஆனால் வேறு இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் அது என்று பசாரில் பேசுவதைக் காதில் வாங்காதீர்கள்.

சாய்வு என்றுதான் சொன்னேன். முடிவு அவளுடையது. அதற்கு முன் இரண்டு காரியம் செய்யட்டும். மண்டபத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் டியூஷனில் நான்கு வாரம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை அவளிடம் விடச் சொல்லியிருக்கிறேன், பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் உட்காரவே மாட்டார்கள். நீங்கள் அடுத்த தடவை இரத்தம் கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அந்த அக்காவிடம் ஒரு நாளைக்கு எத்தனை குழாய், எத்தனை மணி நேரம் நிற்பது, சலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பதில் சொல்லாதீர்கள்.

மக்தாப் மனுவும் இதற்குள் திறந்தால் போட்டுவிடுங்கள். போடுவதால் கட்டாயம் இல்லை. அடுத்து என்னிடம் வரும்போது எஸ்.பி.எம். சான்றிதழின் அசலும் இரண்டு நகலும் வேண்டும். அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள், ஐந்தாம் பக்கத்தில் ஒரு தேதி தப்பாக இருக்கிறது. பன்னிரண்டு மணிவரை மண்டபத்தில் இருப்பேன்.