அப்பா அம்மா பிரிந்த குழந்தைக்குக் கணினி விளையாட்டு சிகிச்சையாக உதவுமா?

உதவும், பக்கத்தில் ஒரு பெரியவரும் உட்கார்ந்தால். குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன், என் அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

"அவர்கள் பிரிந்தது உனக்கு எப்படி இருக்கு?" என்று நேராகக் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே பேசுவது அதற்குப் பாரம். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பாரம் குறைகிறது. ஒரு பையன், கட்டைகளை அடுக்கி வீடு, ஊர் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் தூரத்தூரமாக இரண்டு வீடு கட்டி, இடையில் தண்டவாளம் போட்டான். பாதி வழியில் ஒரு கட்டில். "இது யாருக்கு?" என்றேன். "நாய்க்கு. அது எந்த வீட்டுக்கும் போகாது" என்றான். அவனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி நாய்க்குப் பயமாக இருக்குமா, யார் சாப்பாடு வைப்பார்கள் என்று நாயைப் பற்றியே பேசினோம். அன்று அவன் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதே இல்லை.

இதற்கென்றே செய்த விளையாட்டும் உண்டு. இஸ்ரேலியக் குடும்ப சிகிச்சையாளர் ஹயா ஹராஷ் 2000-களில் உருவாக்கிய 'எர்த்குவேக் இன் ஸிப்லேண்ட்'. ஸிப்பால் இணைந்திருக்கும் ஒரு தீவு நிலநடுக்கத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். மூஸ் என்ற பாத்திரம் அதைச் சேர்த்துவைக்கக் கிளம்பும். என்ன பாடுபட்டாலும் பழையபடி சேராது. எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தோல்விதான். தான் சமர்த்தாக இருந்தால் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் நம்பும் குழந்தைகள் நிறையப் பேர். சேராதது உன் குற்றமில்லை என்று நாம் நூறு தடவை சொன்னாலும் இறங்காதது, தானே விளையாடிப் பார்க்கும்போது கொஞ்சம் இறங்குகிறது.

அதற்காக இப்படிப்பட்ட விளையாட்டைத் தேடி அலைய வேண்டாம். குழந்தைக்குப் பிடித்ததே போதும். முடிந்தால், சேமித்த ஆட்டம் இரண்டு வீட்டிலும் கிடைக்கும்படி செய்யுங்கள், அங்கே பாதி கட்டிய கோட்டையை இங்கே வந்து தொடரட்டும். அப்புறம், விளையாட்டுச் சாக்கில் "அப்பா வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?" என்று மட்டும் துருவாதீர்கள். வேவு பார்க்கிறோம் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால் பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது.

தனியறையில் மணிக்கணக்காக ஆடுவதை நான் சிகிச்சைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பது வாரக்கணக்கில் நீடித்தால் விளையாட்டை நம்பிக் காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.