லாரி இல்லாத பாதையா? பர்கண்டிக்குப் போங்கள்

வணக்கம். பத்து வயது மகளோடு செப்டம்பரில் பிரான்சில் சைக்கிள் பயணம், கார், லாரி ஓடும் சாலையே கூடாது என்று கேட்டிருந்தீர்கள். பர்கண்டியின் பழைய ரயில் தடம்தான் உங்களுக்குச் சரி. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1997-இல் திறந்தார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் கிடையாது. வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், மேயும் வெள்ளை மாடுகள், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள்.

க்ளூனியைத் தாண்டி மாக்கோன் பக்கம் போனால் புவா க்ளேர் சுரங்கம் வரும், சுமார் 1,600 மீட்டர். விளக்கு உண்டு. ஆனால் வியர்த்துப்போய் உள்ளே நுழைந்ததும் குளிர் சட்டென்று முதுகில் ஏறும். மகளின் ஸ்வெட்டர் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிடுவார்கள், செப்டம்பரில் கவலையில்லை.

அப்புறம் சாப்பாடு. கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரம் சாத்திவிடும். ஞாயிறு மதியத்துக்கு மேல், திங்கள் இரண்டும் இன்னும் மோசம். காலையிலேயே ரொட்டி வாங்கிவிடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், தயங்காமல் போங்கள். திரும்ப மாக்கோனிலிருந்து, ஜிவ்ரிக்குப் பக்கத்து நகரமான ஷலோனுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றலாம்.